நன்றாகக் கவனித்தார்கள்

தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசினால் நல்ல வார்த்தை ஒன்று காதில் விழுவதில்லை. பிடுங்குகிறார்கள், அலைக்கழிக்கிறார்கள், கேட்டதற்குப் பதில் இல்லை என்று ஒரே புலம்பல். நன்றி கெட்ட ஜனங்கள். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு நாலு மாதத்தில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மதுரையில், பெரிய ஆஸ்பத்திரியில். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கூட்டம் அள்ளும், இப்போதே அங்கே லிஃப்டில் ஏற முடியவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் புகழ் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்பி எழுதுகிறேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் உறவினர்களைப் பாராட்டிவிட வேண்டும், அதுதான் முறை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வலது அடிவயிற்றில், தொடை சேரும் இடத்தில், ஒரு புடைப்பு. அழுதால் தெரியும், தூங்கினால் காணாமல் போகும். டாக்டர் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பே சம்பந்தியம்மா நோயையும் கண்டுபிடித்தார், அதற்குக் காரணமான குற்றவாளியையும் கண்டுபிடித்தார். "பச்சப்புள்ளயக் கத்த விட்டுட்டு போனப் பாத்துக்கிட்டு இருந்தா குடல் இறங்காம என்ன செய்யும்?" குற்றவாளி என் மகள். விசாரணை இல்லை, வாய்தா இல்லை, நேரே தீர்ப்பு. நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகளை இந்த அம்மாளிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்.

ஆண் பிள்ளைக்குக் கருவில் விரைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. கடைசி மாதங்களில்தான் கீழே இறங்கும். அப்போது வயிற்றின் உட்சவ்வும் ஒரு பையாக நீண்டு கூடவே வரும். பிறக்கும் சமயத்தை ஒட்டி அந்த வழி அடைபட்டுப் போக வேண்டும். சில பிள்ளைகளுக்கு அடைபடாது. அந்த வழியாகக் குடல் எட்டிப்பார்க்கிறது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேர் வரை இப்படி. குறைமாதப் பிள்ளைகளில் இன்னும் மிக அதிகம். அழுகை இருப்பதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான், உண்டாக்குவதில்லை. இதையெல்லாம் மாப்பிள்ளை தன் தாயாருக்குப் பொறுமையாக விளக்கினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அதத்தான்டா நானும் சொல்றேன், அழ விடக் கூடாதுன்னு" என்றார்.

எதிர்வீட்டுப் பாட்டி தொப்புளில் காசை வைத்துத் துணியால் கட்டச் சொன்னார். தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே அடங்கும், காசு வைத்தாலும் வைக்காவிட்டாலும். இது தொடையிடுக்கு, தானாக மூடாது. குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு உயிருக்கே ஆபத்து, அதுவும் கைக்குழந்தைகளுக்குத்தான் அப்படிச் சிக்குவது அதிகம். தொப்புளுக்கு உரிய வைத்தியத்தைத் தொடைக்கும் வஞ்சனையில்லாமல் வழங்கிய அந்தத் தாராள மனசு யாருக்கு வரும்?

அறுவை மருத்துவரைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. புடைப்பை விரலால் மெல்ல அழுத்தி உள்ளே தள்ளிப் பார்த்தார். துண்டுத் தாளில் படம் போட்டுக் காட்டினார். மடிப்பு விழும் இடத்தில் சின்னக் கீறல், பையைப் பிரித்து அதன் கழுத்தில் கட்டிவிடுவது, பெரியவர்களுக்கு வைப்பதுபோல் வலை எதுவும் கிடையாது, அரை மணி வேலை, மாலையே வீட்டுக்குப் போகலாம் என்றார். என் மகளைப் பார்த்து, "நீங்க செஞ்சதால வந்தது இல்லம்மா" என்று யாரும் கேட்காமலே சொன்னார். இவ்வளவு பெரிய நிறுவனத்தில் இப்படிப்பட்ட ஆளை எப்படி இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அந்தக் குறையை இன்சூரன்ஸ் கவுன்ட்டர் தீர்த்துவைத்தது. மாப்பிள்ளை சொந்தக் காசில் எடுத்த குடும்பப் பாலிசி. பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆனதும் முறைப்படி பெயர் சேர்த்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தம்பி விவரங்களைத் தட்டச்சு செய்தபடியே கேட்டார்.

"வீக்கம் வெளிய தெரியுதா சார்?"

"அழுதா தெரியும்."

"அழாதப்ப?"

"தெரியாது."

தம்பியின் கை நின்றுவிட்டது. பிறவிக் குறைபாடுகளில் வெளியே தெரிவது ஒரு வகை, உள்ளே இருப்பது ஒரு வகை. வெளியே தெரிவதற்கு அநேகமாகப் பணம் கிடையாது. ஆக, என் பேரன் தூங்கும் நேரத்தில் காப்பீட்டுக்கு உட்பட்டவன். விழித்து அழத் தொடங்கினால் விலக்கப்பட்டவன். இந்தத் தத்துவச் சிக்கலை மேலும் ஆராய வேண்டிய தேவை நல்லவேளையாக வரவில்லை. அந்தப் பாலிசியில் குடலிறக்கத்துக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் என்று பதில் வந்துவிட்டது. நாலு மாதப் பிள்ளை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கருவில் வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே இவன் பிரீமியம் கட்டத் தொடங்கியிருக்க வேண்டும். முன்யோசனை இல்லாத பையன்.

ஒன்று சொல்ல வேண்டும். பணமில்லாச் சிகிச்சை கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் சுற்றறிக்கை விட்டது. எங்களுக்கு அரை மணியிலேயே சொல்லிவிட்டார்கள். இல்லை என்பதை இத்தனை விரைவாகச் சொல்லும் ஒரு துறையை நம் நாட்டில் வேறெங்கும் காண முடியாது.

முந்தின நாள் மாலையே சேரச் சொன்னார்கள். காலையில் சேர்ந்தாலும் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு ராத்திரி எங்களோடு இருக்க ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு பிரியம். உடம்பில் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்று வசம்பு வளையலைக் கழற்றினார்கள், கன்னத்து மையைத் துடைத்தார்கள், அரைஞாண் கயிற்றைக் கத்தரித்தார்கள். கயிறு அறுந்ததும் என் வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது தேவைதான், குறை சொல்ல மாட்டேன். கத்தரித்த கயிற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே பெயரும் படுக்கை எண்ணும் எழுதிப் பத்திரமாகக் கொடுத்தார் ஒரு இளம் நர்ஸ். அந்தப் பெண்ணுக்கு இன்னும் பயிற்சி முடியவில்லை போலிருக்கிறது.

இனி இந்தக் கட்டுரையின் நாயகனுக்கு வருகிறேன்: ராத்திரி பன்னிரண்டு மணி.

கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கவிட்டார்கள். என்.பி.ஓ., 12 மணிக்கு மேல். அதாவது வாய்வழியாக எதுவும் தரக் கூடாது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. அதற்காகப் பட்டினி வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு நேரம்? தாய்ப்பால் வயிற்றில் வெகுநேரம் தங்காது. தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம், புட்டிப்பால் மாவுக்கு 6 மணி நேரம் போதும் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்களின் சங்கம் 1999-லேயே சொல்லியாயிற்று. ஐரோப்பியச் சங்கம் 2022-ல் இன்னும் இறங்கிவந்து, தாய்ப்பாலுக்கு 3 மணி, நீருக்கு 1 மணி என்றது. எட்டு மணி ஆபரேஷனுக்கு விடியற்காலை நாலு மணி வரை பால் கொடுத்திருக்கலாம். ஆனால் இப்படி ஆளுக்கு ஒரு நேரம் வைத்தால் எவ்வளவு குழப்பம்! ஒவ்வொரு நோயாளிக்கும் வயது பார்க்க வேண்டும், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்க வேண்டும், எத்தனாவது ஆபரேஷன் என்று எண்ண வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த ஏற்றத்தாழ்வே கிடையாது. எழுபது வயதுக்காரருக்கும் பன்னிரண்டு மணி, நாலு மாதப் பிள்ளைக்கும் பன்னிரண்டு மணி. சமத்துவத்தை மேடையில் முழங்குகிறவர்கள் அந்த வார்டை வந்து பார்க்க வேண்டும்.

பேரன் வழக்கமாக ராத்திரியில் மூன்று தரம் குடிப்பவன். ஒரு மணிக்கு முனகினான், இரண்டு மணிக்கு அழுதான், மூன்று மணிக்கு அலறினான். அலற அலறப் புடைப்பு பெரிதானது. அவனைத் தாயிடம் கொடுக்க முடியாது; பால் வாடை பிடித்தால் முகத்தை நெஞ்சில் முட்டிமுட்டித் தேடுகிறான். அதனால் அவள் அறையில், பிள்ளை வராந்தாவில். மாப்பிள்ளை தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டிலிருந்து நர்ஸ் மேஜைக்கும், நர்ஸ் மேஜையிலிருந்து லிஃப்டுக்கும் நடந்தார். உள்ளே என் மகள் பால் கட்டி, நெஞ்சோடு சேர்த்துத் துண்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துண்டு நனைந்து, மாற்றி, அதுவும் நனைந்தது. கதவைத் தாண்டி அழுகுரல் தேயும்போதும் நெருங்கும்போதும் அவள் தோள் அசைவதை நான் பார்த்தேன்.

போய்க் கேட்டேன். "கொஞ்சமாப் பால் குடுக்கலாமாம்மா? ஆபரேஷனுக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கே."

"ட்ரிப்ஸ் போகுது சார். பசிக்காது."

எத்தனை தெளிவு! பசி என்பது பிள்ளைக்குத் தெரியாது, மேஜைக்குத் தெரியும். குளுக்கோஸ் நீர் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்ளும், வயிற்றை நிரப்பாது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நம்பிக்கை சிதைந்திருக்கும். அந்த ட்ரிப்ஸ் ஊசியை ஏற்ற முதலில் இடது கையில், பிறகு வலது கையில், கடைசியில் காலில் இடம் தேடியதைச் சொல்லவில்லையே. மூன்று கைமாறித்தான் ஊசி ஏறியது. அனுபவத்தை ஒருவரே அடைத்துவைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பண்பு.

காலை ஏழரைக்குக் கதவைத் தட்டினார்கள். தள்ளுவண்டியில் மூடிய தட்டு. மேலே பேரனின் பெயர், படுக்கை எண், "பேஷண்ட் டயட்" என்ற சீட்டு. திறந்தால் இரண்டு இட்லி, கொஞ்சம் பொங்கல், சாம்பார், தேங்காய்ச் சட்னி. பல் முளைக்காதவனுக்கு, பட்டினி அட்டை தொங்கும் கட்டிலில். மாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காதவர் சிரிப்பு, கேட்கச் சகிக்கவில்லை. நான் தட்டைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். "வேணாம்னாலும் பில்லுல வந்துரும் சார், வாங்கிக்கங்க" என்றார் அந்த ஊழியர். வெள்ளந்தி மனுஷன். அவருக்கும் பயிற்சி போதாது.

எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. கைக்குழந்தைகளைப் பட்டியலில் முதலில் எடுப்பதுதான் வழக்கம், பட்டினியை நீட்டக் கூடாது என்பதற்காக. அன்றைக்கு முதலில் போனவர் ஒரு பெரிய மனிதரின் மைத்துனர். காலில் ஏதோ கொழுப்புக் கட்டி. அடுத்து போனவரும் பெரியவர்தான். பசி பொறுக்காத பெரியவர்களை முன்னால் விட்டு, பொறுமைசாலியான சின்னவனைப் பின்னால் நிறுத்தியதை முறை தவறியது என்று சொல்ல முடியுமா? முதியோர்க்கு முதலிடம் கொடுக்கும் பண்பாடு நம்முடையது. பதினொன்றரைக்கு மேல்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். அதற்குள் அவன் அழுவதை நிறுத்தியிருந்தான். "பாத்தீங்களா, சமத்தாயிட்டான்" என்றார்கள் மேஜையில்.

இந்த ஞானத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1980-கள் வரைக்கும் வெளிநாடுகளின் பெரிய மருத்துவமனைகளில்கூடப் பச்சிளம் குழந்தைகளுக்கு, முக்கியமாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு, தசை அசையாதிருக்க மருந்து கொடுத்துவிட்டு, வலி தெரியாமலிருக்கப் போதிய மருந்து கொடுக்காமலே கத்தி வைப்பது சாதாரணமாக இருந்தது. நரம்பு முதிரவில்லை, வலி தெரியாது, தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது என்பது வாதம். இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் போன ஆனந்த் என்ற மருத்துவர் இதைச் சும்மா விடவில்லை. இதயத்தருகே ரத்தக் குழாயை மூடும் ஆபரேஷன் செய்துகொண்ட குறைமாதக் குழந்தைகளில் சிலருக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கியும் சேர்த்துக் கொடுத்து, ரத்தத்தில் சுரக்கும் அதிர்ச்சிச் சுரப்புகளை அளந்தார். வலிநீக்கி பெற்ற பிள்ளைகளுக்கு அதிர்ச்சியும் குறைவு, ஆபரேஷனுக்குப் பிந்திய சிக்கலும் குறைவு. 1987-ல் லான்செட் இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. அதற்குப் பிறகு பிள்ளைக்கு வலிக்கும் என்று உலகம் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டது. பசிக்கும் என்பதற்கும் யாராவது ரத்தம் எடுத்து அளந்து காட்டும் வரை பழைய ஞானத்தை அணையாமல் காப்பாற்றிவரும் நிறுவனங்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நாலு மாதத்துப் பசி இவனுக்கு ஞாபகம் இருக்கப் போவதில்லை. என் மகளுக்கு இருக்கும். ஆனால் அவள் பேஷண்ட் இல்லையே.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டர் பச்சை உடுப்பில் வந்தார். பிள்ளையின் உச்சியைத் தொட்டார், உதட்டைப் பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா பால் குடுத்தீங்க?"

"பன்னெண்டுக்குள்ள, டாக்டர். பதினொன்னே முக்காலுக்கு."

"ஏன்? இன்னிக்குக் காலைல ஏழு மணி வரைக்கும்கூடக் குடுத்திருக்கலாமே, இவ்வளவு லேட்டாகும்னா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேஜையில் எல்லோருக்கும் அந்த நிமிஷத்தில் கணினியில் முக்கியமான வேலை இருந்தது. அவர் என் மகளிடம் "சாரிம்மா" என்றார். ஆஸ்பத்திரியின் கட்டண அட்டவணையில் இல்லாத அந்தச் சொல்லை அவர் எந்த அதிகாரத்தில் இலவசமாகக் கொடுத்தார் என்று தெரியவில்லை. நிர்வாகம் விசாரிக்க வேண்டும்.

ஆபரேஷன் அரை மணிகூட ஆகவில்லை. தையல் தானே கரைந்துவிடும் நூல். மேலே ஒரு சின்னப் பட்டி. கண் விழித்துக் கொஞ்ச நேரத்தில் பால் கொடுக்கச் சொன்னார்கள், குடித்தான், தூங்கினான். அதைப் பற்றி இவ்வளவு போதும். சரியாக நடந்த காரியத்தில் வஞ்சனையாகப் புகழ என்ன இருக்கிறது.

இரண்டு மணிக்கே டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த 2024 சுற்றறிக்கையில் இன்னொரு விதியும் உண்டு: வீட்டுக்கு அனுப்பும்போது காப்பீட்டு நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் கூடுதல் செலவு வந்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். ரொக்கம் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கெடுவெல்லாம் கிடையாது. அதனால் ஆற அமர, அவசரப்படாமல், ராத்திரி எட்டரை வரைக்கும் பில்லைச் செதுக்கினார்கள். நண்பகல் பன்னிரண்டு தாண்டியதால் அறைக்கு இன்னொரு நாள் வாடகை. இங்கும் அதே பன்னிரண்டு மணி. நடத்தை மாறாத நண்பன்.

பில்லைப் பொறுமையாகப் படித்தேன். குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், வரி வரியாகப் படிக்காமல் இருக்க முடியாது. மழித்துவிடும் பிளேடு ஒன்று. யாருக்கு மழித்தார்கள் என்று கேட்டேன். கிட்டோடு வருவது, பிரிக்க முடியாது என்றார்கள். பேஷண்ட் டயட், இரண்டு வேளை. அதற்குக் கீழே, உணவியல் நிபுணர் ஆலோசனைக் கட்டணம். இதைப் பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்ட பிள்ளைக்கு, அந்தப் பட்டினியை மேற்பார்வை செய்ய ஒரு நிபுணர் இருந்திருக்கிறார்! நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. பிரதிபலன் கருதாமல் மறைந்திருந்து தொண்டு செய்யும் உத்தமர். பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, தொகையை மட்டும் போட்டிருந்தார்.

மாப்பிள்ளை சண்டைக்குப் போகத் துடித்தார். "விடுங்க மாமா, நான் கேக்கிறேன்" என்று எழுந்தவரைப் பிடித்து உட்காரவைத்தது, தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை. எழுப்பினால் அழுவான், அழுதால் தையலுக்கு ஆகாது. ஆஸ்பத்திரிகளில் பில் தகராறு ஏன் குறைவாக இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. கார்டைத் தேய்த்தோம்.

கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். ஒரு பக்கம் வந்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சிலருக்குப் பின்னால் மறுபக்கமும் வரலாம், கண்ணில் பட்டால் உடனே காட்டுங்கள், பயப்பட வேண்டாம் என்று. இது எப்படியோ மக்கள் தொடர்பு மேஜைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாசலில் ஓர் அம்மணி, சிரித்த முகம், ஒற்றை ரோஜா, பளபளவென்று ஒரு அட்டை.

"சார், கடவுள் புண்ணியத்துல அந்தப் பக்கம் எதுவும் வராது. வந்துச்சுன்னா இந்தக் கார்டக் காட்டுங்க, ரூம் வாடகைல பத்து பர்சன்ட் குறைச்சுருவோம். ஒரு வருஷத்துக்குள்ள வரணும், அதுக்கு மேல செல்லாது."

நான் கையை நீட்டவில்லை. சம்பந்தியம்மா நீட்டி வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த அம்மணியிடம் கேட்டார்: "ஏம்மா, இது எம் பொண்ணு வயித்துப் பேரனுக்கும் செல்லுமா?"

"தாராளமாம்மா."